சாவி ஆஃபா?

இது நடந்தது. புதுச்சத்திரத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் மணியன், பேய் என்று யாராவது வாயெடுத்தாலே கேலி பேசி விரட்டுகிற ஆள். அவரே சொன்னது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

போன பங்குனி. வெள்ளிக்கிழமை. பகல் 12:05. சௌந்திரம் என்ற அம்மா செகண்ட் ஹேண்டில் வாங்கிய இருபது வருடப் பழைய கார். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைச் சரியாக வைத்திருக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை அப்படியே கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சும். ஒரு பொறி போதும், ஆள் கரிக்கட்டை. அதனால் மணியன் முதலில் லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினார். பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எஞ்சினில் ஒருவர், சீட்டில் ஒருவர். கேட்டுப் பதில் வந்த பிறகுதான் பெட்ரோல் லைனில் கை வைப்பார்கள். 12:20க்கு மணியன் பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்.

"பாலு, சாவி ஆஃபா?"

"ஆஃபுங்க."

பெட்ரோல் ஓஸ் குழாயை உருவினார். இரண்டு போல்ட்டையும் கழற்றினார். ரெகுலேட்டர் கையோடு வந்தது. அப்போதுதான் உறைத்தது… கூட வேலை செய்யும் பாலு காலையிலேயே ராசிபுரம் போய்விட்டான்.

தூக்கிய பானெட் மறைத்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை.

கிரீச்… சீட் அழுந்தியது.

"ஆன் பண்ணட்டுங்களா?"

மணியன் பதில் சொல்லாமல் ரெகுலேட்டரைத் திரும்பச் செருகப் பார்த்தார்.

க்ளிக்.

ங்ங்ங்ங்… பம்ப் ஓடியது. பிடுங்கிய பேட்டரி ஒயர் கண்ணெதிரே தனியாகக் கிடந்தது. சாவி பையில் குத்தியது.

பெட்ரோல் பீய்ச்சியது. முகம், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்தது.

"ஸ்டார்ட் பண்ணட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி! பண்ணாதே!"

பம்ப் நின்றது.

12:24. சீட்டில் யாரும் இல்லை. நிழலில் நின்ற வண்டி… ஆனால் சீட் கை வைக்க முடியாமல் சுட்டது.

சாயங்காலம் சௌந்திரத்திடம் கேட்டார். அந்த அம்மா முதலில் மழுப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதே வண்டிதானுங்க. பரமத்தி வேலூர்ல ஒரு பட்டறை. இதே சாமானைத்தான் மாத்துனாங்களாம். ஈஸ்வர்ங்கிறவரு சீட்டுல உக்காந்து, ஸ்டார்ட் பண்ணட்டுங்களான்னு கேட்டிருக்காரு. லாரிச் சத்தத்துல மெக்கானிக்குக் கேக்கலீங்க. பதில் வரலீன்னதும் சரின்னு நெனச்சு இவரு சாவியத் திருப்பிட்டாரு. தீப்புடிச்ச மெக்கானிக்கை இழுத்துப் போட்டுக் காப்பாத்தினதும் இவருதான். ஆனா இவரு பொழைக்கலீங்க."

மணியன் பையிலிருந்த சாவியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்காமலே தொடர்ந்தார்.

"ஆஸ்பத்திரியில உசுரு போற வரைக்கும் எல்லாருகிட்டயும் ஸ்டார்ட் பண்ணட்டுங்களான்னு அதையேதான் கேட்டாராமுங்க. ஒருத்தரும் பதில் சொல்லலையாம்."