கை நின்ற இடம்

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு சிறிய தேவாலயத்தின் போதகர். சனிக்கிழமைதோறும் குசினிக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் பிரசங்கத்தை எனக்குச் சொல்லிப் பார்ப்பார். வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை நான். தேங்காய் துருவிக்கொண்டுதான் கேட்பேன். என் கை தானாக நிற்கிற இடத்தை வைத்துக்கொள்வார். நிற்காத இடத்தை வெட்டிவிடுவார்.

வேதத்தில் வரும் காணாமற்போன ஆட்டைப் பற்றிச் சொன்ன அன்று என் கை நிற்கவேயில்லை. மேய்ப்பனின் கோல், யூதேயாவின் மலைகள் எல்லாம் சொல்லிக் களைத்துப்போனார்.

"எங்கட ஆடு துலைஞ்ச அண்டைக்கு, நீர் செருப்பும் போடாமல் கோட்டை வாசல் மட்டும் அழுதுகொண்டு ஓடினனீரெல்லே?" என்றார், அலுத்துப்போய்.

கை நின்றது.

"அதை மட்டும் அங்க சொல்லிப்போடாதேங்கோ!"

"ஓம், ஓம்."

ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஓலை விசிறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கோ முகம் எரிந்தது.

மத்தியானம் குசினி வாசலில் வந்து நின்று, "எப்பிடி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டார்.

கறிக்குப் பாதித் தேங்காய் போதும். நான் கையை நிறுத்தாமல் மூன்று தேங்காய் துருவித் தள்ளினேன்.