நாலு மணித் துடிப்பு

போன மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறவில்லை. யாரோடும் வாக்குவாதம் இல்லை. ராசிபலன்கூடச் சாதகமாகவே போட்டிருந்தார்கள். அப்போது நெஞ்சுக்குள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு தட்டு. சின்ன இடைவெளி... அப்புறம் படபடவென்று ஏழெட்டுத் தட்டு.

யாராக இருந்தாலும் அவசரமாக வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எண்ணினேன். இடது மணிக்கட்டில் வலது கை விரல்கள், கண் கடிகார முள்ளில். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கவேண்டும். நூற்றுப் பன்னிரண்டு. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன் – நூற்றுப் பதினாறு. மூன்றாவது தடவை நூற்று இருபது. எண்ண எண்ண ஏறுகிறது. சராசரி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பயம் வந்தது.

சாட்சிக்கும் வீட்டில் ஆள் இல்லை. விமலா அப்போதுதான் ஸ்கூட்டரில் கிளம்பிப் போயிருந்தாள்.

என் மனைவி அறுபத்தோரு வயதில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்து நீங்கள் அவளுக்கு வாழ்த்தும் எனக்கு ஆறுதலும் அனுப்பினீர்கள். கெலமங்கலம் ரோட்டில் அவளுடைய சிநேகிதிக்கு ஒரு ரோஜாப்பூ ஷெட் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வெட்டி வரும் பூவைக் காம்பு நீளம் பார்த்து, மொட்டுப் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டுவது விமலாவின் வேலை. நாலு மணிக்குப் போனால் ஆறேகாலுக்குத் திரும்புவாள். ஓசூரில் ஒரு பாக்டரியில் முப்பத்தோரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். இப்போது வீட்டில் அந்தப் பதவி கைமாறிவிட்டது.

ஆறேகாலுக்கு வந்தாள். கையை நீட்டினேன்.

"எண்ணிப் பாரு."

எண்ணினாள். எழுபத்திரண்டு. "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

புதன்கிழமையும் வந்தது. வியாழனும் வந்தது. சாயங்காலம் தட்டும், இருட்டுவதற்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. வார விடுமுறையெல்லாம் தெரிந்த இதயம்.

பாஷா பாயிடம் போனேன். அதே பாக்டரியில் மெயின்டனன்ஸில் இருந்தவர். நான் லைனை நிறுத்துகிறவன், அவர் ஓட்டுகிறவர். வேலையில் இருந்த காலமெல்லாம் சண்டை போட்டோம் – ஆகவே இப்போது நெருங்கிய சிநேகிதர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மகனோடு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

"இது இன்டர்மிட்டன்ட் ஃபால்ட் சார்" என்றார், கேட்டவுடனே. "சர்வீஸ் இன்ஜினியர் வந்து நின்னா மிஷின் ஜம்முனு ஓடும். அவர் கேட்டைத் தாண்டுனதும் படுத்துக்கும். நான் பார்க்காததா?"

"மிஷின் இல்ல பாய், ஹார்ட்டு."

"பம்புதானே சார்?"

எங்கள் பாக்டரியில் ஒரு பழுது வந்தால் உடனே ஸ்பானரைத் தூக்கக் கூடாது. மீன் முள் மாதிரி ஒரு படம் போட்டு, முள்ளுக்கு ஒரு காரணமாக எழுதி, ஒவ்வொன்றையும் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்கவேண்டும். பாய் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்பக்கம் மார்க்கரால் மீன் வரைந்தார். தலையில் 'சார் ஹார்ட்' என்று எழுதினார். வாலுக்கு இடம் போதவில்லை.

காபி, ஊறுகாய், பிரஷர் மாத்திரை, டி.வி. விவாதம், வெயில், சேர். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், அதுதான் முறை. காபியை நிறுத்தினேன். தலைவலி வந்தது, படபடப்பும் வந்தது. ஊறுகாயை விட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, படபடப்பு இறங்கவில்லை. டி.வி. விவாதத்தை விட்டதில் வீட்டில் அமைதி வந்தது, நெஞ்சில் வரவில்லை. மாத்திரையில் கை வைக்காதே என்று விமலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியில், "உக்கார்ற ஆங்கிளை மாத்திப் பாருங்க சார்" என்றார் பாய். சேரை வடக்கு பார்த்துப் போட்டேன். கழுத்துதான் வலித்தது – கேட் தெற்கே இருக்கிறது.

தினமும் நாலரைக்கு அவரிடமிருந்து போன் வரும். "இன்னிக்கு ரீடிங் எவ்ளோ சார்?"

பொறுக்காமல் ஒரு நாள் போனில் தேடினேன். வியாதியைப் பற்றிப் போனில் தேடாதீர்கள் என்று இதே பக்கத்தில் எழுதியவனும் நானே. ஆறு பயங்கரமான காரணங்கள் வந்தன. ஏழாவதாக, ஓரமாக, 'பதற்றம்' என்று ஒன்று. அந்த ஏழாவது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் ஆறிலாவது ஒரு கௌரவம் இருந்தது.

"விமலா, நான் பதற்றப்படற ஆளா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கேஸை மூடினோமா இல்லியான்னு சூளகிரியில பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தது யாரு?"

"அது ஜாக்கிரதை."

"பதினோரு மணி ரயிலுக்கு ஒம்பது மணிக்கே பிளாட்பாரத்துல உக்காந்தது?"

"ரயில் முன்னாடியே வந்துட்டா?"

"நம்ம ரயிலா?"

விஷயத்துக்கு வந்தேன். "அப்ப இந்தப் படபடப்பு பதற்றத்தாலதான் வருதுங்கறியா?"

"எனக்கென்னங்க தெரியும். ஆனா அப்படி இருக்குமோன்னு நீங்க பதறிப்போய்க் கேக்கறீங்க." துருவலைத் தட்டில் தட்டினாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். மீன் படம் போட்டது போதும்."

மறுநாள் நான் ஆட்டோவில் போனேன். அவள் ஸ்கூட்டரில் வந்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வண்டி வாங்கி ஆறு மாதமாகியும் நான் அதில் ஏறியதில்லை. முதுகுவலி என்று சொல்லியிருந்தேன். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அவள் டோக்கன் வாங்கி வைத்துக் காத்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கன்னடம் கலந்த தமிழ். ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்தார், தைராய்டு பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பாய் சொன்ன மாதிரியேதான் – சர்வீஸ் இன்ஜினியர் முன்னால் மிஷின் ஜம்மென்று ஓடியது. "டென்ஷன் தகோபேடி" என்றார். டென்ஷன் ஆகாதீர்கள் என்று எந்த மொழியில் சொன்னாலும் டென்ஷன் குறைவதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதற்குள் அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க அது துடிப்பைப் பதிவு செய்யுமாம். "எப்பவும் போல இருங்க, அது போதும்."

"டேட்டா லாகர் சார்" என்று பாய் போனில் பூரித்துப்போனார். "இனிமே தப்பிக்க முடியாது."

அடுத்த வாரம் மத்தியானம் ரிசல்ட் பார்க்கப் போனோம். பழைய ஏற்பாடுதான் – ஆட்டோவும் ஸ்கூட்டரும். விமலா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அங்கங்க ஒரு எக்ஸ்ட்ரா துடிப்பு இருக்கு. உங்க டெஸ்ட் எல்லாம் பார்த்துட்டேன், பயப்படற மாதிரி ஏனூ இல்ல. காபி குறைங்க. மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்கறதுன்னு ஏதாவது வந்தா மட்டும் யோசிக்காம உடனே வாங்க."

இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டாக்டர், அப்புறம் மீன்.

நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்க சார்" என்றார். "இது என்ன? நாலு மணி வரைக்கும் எழுபது, எழுபத்தஞ்சு. நாலு மணிக்கு மேல ஏறுது. ஏறி அப்படியே நிக்குது. வாக்கிங் போனீங்களா?"

"இல்லை. உட்கார்ந்திருந்தேன்."

"எங்க?"

"வாசல்ல. சேர்ல."

"டி.வி.யா?"

"கேட்டைப் பார்த்துட்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "ஆறேகால் தாண்டி டக்குனு இறங்குது. அப்ப என்ன ஆச்சு?"

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். "அப்போ... கேட் திறந்தது."

டாக்டரின் பார்வை மெதுவாக விமலாவின் மடியிலிருந்த ஹெல்மெட்டுக்குப் போனது.

என் பழைய பைக் மூன்று தெருவுக்கு முன்னாலேயே நான் வருவதை அறிவித்துவிடும். இந்த எலெக்ட்ரிக் வண்டிக்குச் சத்தமே கிடையாது. கேட் திறக்கும்வரை அவள் வந்துவிட்டாள் என்று தெரிய வழியில்லை. அவள் போகிற ரோட்டிலோ கன்டெய்னர் லாரி, கல் லாரி, ஷிஃப்ட் விடுகிற நேரத்துக் கம்பெனி பஸ்கள். அட்டைப்பெட்டி மீனில் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் எழுதினோம். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதது எது என்று இரண்டு நிபுணர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்தோம். பார்க்கிங்கில் ஸ்கூட்டர் பக்கம் நின்று விமலா சொன்னாள்: "நாளையிலருந்து ஷெட்டுக்குப் போகல. வண்டியையும் யாருக்காவது குடுத்துடலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. மருந்தில்லாமல் குணம். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரோஜா முள் கீறல். கல்யாணமான நாளிலிருந்து எங்கே போவதென்றாலும் என் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருந்தவள். இந்த ஆறு மாதமாகத்தான் யாருக்கும் காத்திருக்காமல் கிளம்புகிறாள்.

"ஷெட்டுக்குப் போகாம என்ன பண்ணுவே?"

"வீட்ல உக்காந்து உங்க நாடியை எண்ணறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

பாக்டரியில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் ஒரு பீஸைக்கூட நான் ரிஜெக்ட் செய்ததில்லை. "பார்த்தாலே தெரியுதே சார், தூக்கிப் போடுங்க" என்பார்கள். மாட்டேன். அப்படிப்பட்டவன், வாசலில் சேரில் உட்கார்ந்தபடியே, பார்க்காத ஒன்றைத் தினமும் சாயங்காலம் ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தேன்.

"நீ ஓட்டறதை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

"முதுகுவலின்னீங்க."

"இன்னிக்கு இல்லை."

சாவியைப் போட்டாள். அப்புறம் சீட்டைத் திறந்தாள். உள்ளே இன்னொரு ஹெல்மெட். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். என் தலைக்குச் சரியாக இருந்தது.

"இது எப்ப வாங்கினே?"

"வண்டி வாங்கினப்பவே."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஷெட்டுக்குப் போகிற நேரம் நெருங்கியிருந்தது, நேராக அங்கேயே போகச் சொன்னேன்.

மஞ்சள் விளக்குக்கே நின்றாள். பின்னாலிருந்த கார் ஹாரனாக அடித்தது. "அடிச்சுக்கட்டும், நின்ன இடத்துலதானே அடிக்கறாரு" என்றாள். இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், திரும்பினாள். கன்டெய்னர் லாரி ஒன்று வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி, ஒரு காலை ஊன்றி, அதற்கு வழி விட்டுவிட்டு நிதானமாக நின்றுகொண்டிருந்தாள்.

"தோளை இவ்வளவு அழுத்தாதீங்க. வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

இரண்டு குறை கண்டுபிடித்தேன். ஸ்பீடு பிரேக்கரில் கொஞ்சம் லேட்டாக பிரேக் பிடிக்கிறாள். திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறக்கிறாள். சொன்னேன்.

"இறங்கி ஆட்டோல வர்றீங்களா?"

குறையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நமக்கு வேண்டியவர்கள் ரோட்டில் இருக்கும்போது நெஞ்சு கொஞ்சம் தட்டத்தான் செய்யும். அதைப் பதற்றம் என்று போன் சொல்கிறது, டென்ஷன் என்று டாக்டர் சொல்கிறார். என்ன பெயர் வைத்தாலும் சரி, அதற்காக அவர்களை வீட்டில் உட்காரவைக்க முடியுமா? இப்போதும் நான் கூடப் போகாத நாட்களில் நாலு மணிக்கு லேசாகத் தட்டுகிறது. ஷெட் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். கூடப் போகிற நாட்களில் எனக்கு அங்கே ஒரு ஸ்டூல். கட்டி வைத்த பூவை நான் திரும்ப எண்ணக் கூடாது என்பது நிபந்தனை.

அந்த முதல் நாள் ஷெட் வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது, வழக்கம்போல நாலரைக்குப் போன் அடித்தது.

"எங்க சார் இருக்கீங்க?"

"கெலமங்கலம் ரோட்டுல பாய். விமலா வண்டியில பின்னாடி உக்காந்து வந்தேன்."

"வண்டியிலியா... ரீடிங் எவ்ளோ சார் போச்சு?"

"தெரியாது பாய். நாடி பார்க்க ரெண்டு கை வேணும். ரெண்டும் அவ தோள்ல இருந்துச்சு."