காந்தம் பிடிக்காத கம்பி

என் தொடைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாய், மிளகு காய்ந்ததா என்று கேட்க மாட்டாய். கிழவியின் காலுக்குள் எட்டிப் பார்க்க மட்டும் வந்துவிடுவாய். சரி, கேள். தூக்கம் வராவிட்டால் என்மேல் பழி போடாதே.

போன வருஷம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். டைட்டானியமாம். பேர் வாயில் நுழையவில்லை, கம்பி மட்டும் காலில் நுழைந்துவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு தோட்டம்வரை போய்வர ஆரம்பித்தேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் அந்த ஈரத்துக்குச் சும்மா கிடக்கும் அரிவாள்கூடச் செம்மண் பூசினதுபோல் ஆகிவிடும். அந்த மழையில்தான் தையல் போட்ட இடம் சூடாகி, வீங்கி, கசிந்தது. துடைத்த துணியில் பழுப்புக் கறை.

பக்கத்து வீட்டுக்காரி அந்தத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். மாவு மில்லில் வேலை செய்கிறவள்.

"அக்கா, இது சீழ் இல்லீங்க. துருத் தண்ணி."

மறுநாள் மில் காந்தத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கேழ்வரகில் கலந்து வரும் ஆணியை எகிறிப் பிடிக்கிற காந்தம் அது. என் தொடைமேல் வைத்தாள். பிடிக்கவில்லை. நகர்த்தி நகர்த்தி வைத்தாள். வழுக்கிப் பாயில் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் இன்னும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

"கம்பி உள்ள இல்லீங்க்கா. கரைஞ்சு ரத்தத்துல போயிருச்சு."

"அப்ப என் ரத்தத்தைப் பழைய இரும்புக்காரன்தான் வாங்கோணும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு எச்சிலை விழுங்கினேன். இரும்பு வாசம் அடித்தது. அடித்ததுபோல்தான் இருந்தது, போ.

மகன் பஸ்ஸில் கூட்டிப்போனான். ஒவ்வொரு வளைவிலும் கால் உள்ளுக்குள் துடித்தது. ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாள். எலும்புக்குள் கம்பி வெள்ளைவெளேரென்று, வைத்தது வைத்தபடி நின்றது. காந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தாள். புண்ணை அழுத்திப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது இரும்பு இல்லைங்க பாட்டி. காந்தமும் பிடிக்காது, துருவும் பிடிக்காது. உடம்பு சாதாரணமா இதை ஏத்துக்கும். ஆனா கிருமி போய் அதுமேல ஒட்டிக்கிச்சுன்னா, மருந்து மட்டும் பத்தாது. கம்பியவே எடுக்க வேண்டி வரும்."

"எடுத்துட்டா நடப்பனா சாமி?"

அவள் எக்ஸ்ரேயை மறுபடி தூக்கிப் பிடித்து முறிந்த இடத்தைக் காட்டினாள். எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லையாம். கம்பியில்லாமல் அந்தக் கால் என்னைத் தாங்காதாம். கசிந்த அன்றே வந்திருக்க வேண்டும் என்றாள். நாங்கள் ஆணி தேடிக்கொண்டிருந்தோம். தேட வேண்டியது கண்ணுக்கே தெரியாத ஒன்று.

புண்ணைத் திறந்து கழுவினார்கள். கசிவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். எதிர்க் கட்டிலில் ஒருத்திக்குக் கம்பியை எடுத்திருந்தார்கள். அவள் கால் பலகைபோல் கிடந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சோதனை முடிவு வந்தது. கிருமி தோலுக்குக் கீழேதான் இருக்கிறது, கம்பிவரை இறங்கவில்லை என்றார்கள். "இப்போதைக்கு அங்கயே இருக்கட்டுங்க" என்றாள் டாக்டரம்மா. அந்த 'இப்போதைக்கு'வையும் மாத்திரையோடு சேர்த்து முடிந்துகொண்டு மலையேறினேன். புண் ஆறிவிட்டது. இருந்தாலும் மழை பிடித்தால், எழுந்ததும் தரையில் கால் வைப்பதற்கு முன்னால் தொடையில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்கிறேன்.

மலையேறி வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் மற்றவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களிடம் சொன்னேன்:

"கம்பி பத்தரமா இருக்குதுங்கடி. கரையாதாம், துருப் பிடிக்காதாம். என்னையத் தோட்டத்துல பொதைச்சா மண்ணு என்னையத்தான் திங்கும், அதைத் தொடாது. பின்னால எவளாவது மரவள்ளி தோண்டறப்போ கைல தட்டுப்பட்டா, காந்தத்தைத் தேடி ஓடாதீங்க. நான்தான்னு நெனைச்சு, கொஞ்ச நேரம் பேசிட்டு மூடிருங்க."