பச்சைக்குப் பதில் ஆரஞ்சு

பென்சிலக்காவின் நிஜப் பெயர் அந்த அச்சகத்தில் யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமாகக் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். விலங்குகள், வாகனங்கள், பழங்கள் என்று ஐம்பது புத்தகம் வந்தாயிற்று. ஒன்றிலாவது அவள் பெயர் உண்டா? மருந்துக்குக்கூட இல்லை. முதலாளியின் பெயர் உண்டு, அவர் அப்பாவின் புகைப்படம் உண்டு, அச்சகத்தின் தொலைபேசி எண் மூன்று இடத்தில் உண்டு.

உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்கியதும் முதலாளி அவளைக் கூப்பிட்டார். இதுவரை கோப்பையில் ஆடிய நாடுகளைப் பற்றி ஒரு பக்கம் தகவல், எதிர்ப்பக்கம் எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டும் படம். மூன்றே வாரத்தில் முடிக்க வேண்டும்.

"முடிச்சுத் தர்றேன் சார். ஆனா இந்தத் தடவை என் பேரு போடணும்."

"போட்டுட்டாப் போச்சு! உள் அட்டையில, பெரிய எழுத்துல. போதுமா?"

போதும், போதும் என்று காலில் இறக்கை கட்டாத குறையாக வீட்டுக்கு ஓடினாள். அது அண்ணன் வீடு. "இத்தனை வருஷம் கோடு போட்டு என்னத்தக் கண்டே?" என்று அண்ணி அடிக்கடி கேட்கும் வீடு. அன்றைக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகள் மறுநாளே அத்தையின் பெயரைச் சொல்லி வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

அந்த மூன்று வாரமும் பென்சிலக்கா மாடாய் உழைத்தாள். கடையில் ஒரு பந்து வாங்கி, சாக்பீஸால் குறி போட்டு எண்ணினாள். கறுப்பில் ஐந்து பக்கத் துண்டு பன்னிரண்டு, வெள்ளையில் ஆறு பக்கத் துண்டு இருபது. அச்சகத்தில் பக்கம் அமைக்கும் கம்ப்யூட்டர்காரர் வைத்திருந்த பந்துப் படத்தில் எல்லாமே ஆறு பக்கம்.

"ஆறு பக்கத் துண்டை மட்டும் சேர்த்துத் தைச்சா தரையில பாய் மாதிரி விரியும்பா, பந்து எப்படி வரும்?" என்று சண்டை பிடித்துத் தன் பந்தையே போட வைத்தாள். அவ்வளவு பிடிவாதம்.

கடைசி நாள் அயர்லாந்துப் பக்கத்தில் முதலாளியின் கண் பட்டது. படத்தில் ஒரு வீரன் பந்தை உதைக்கிறான். காலடியில் ஒரு செவ்வகக் கட்டத்தில் அந்த நாட்டுக் கொடி.

"என்ன இவன் புத்தகத்தை விட்டு வெளியே ஓடறான்? உள்பக்கமாத் திருப்புய்யா."

கம்ப்யூட்டர்காரர் முழுப் படத்தையும் இடம் வலமாகப் புரட்டினார். எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆகிவிட, அவற்றை மட்டும் அழித்து அதே கட்டங்களில் நேராக அடித்தார். வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டார். பென்சிலக்கா முதலாளியிடம் ஓடினாள்.

"சார், ஆளோட சேர்ந்து கொடியும் திரும்பிடுச்சு. இடதுலேர்ந்து பச்சை, வெள்ளை, ஆரஞ்சுன்னு வரணும். இப்போ ஆரஞ்சு முதல்ல வருது. இது ஐவரி கோஸ்ட் கொடி சார்."

"சின்னப் பசங்களுக்கு என்னம்மா தெரியப்போகுது? வெள்ளிக்கிழமை போட்டி ஆரம்பம். ஆளை விடு."

புத்தகம் வந்தது. உள் அட்டையைப் புரட்டினாள். அங்கே நான்காவது முறையாகத் தொலைபேசி எண். "அடடா, மறந்தே போச்சும்மா. அடுத்த பதிப்புல கண்டிப்பா" என்றார் முதலாளி. அடுத்த பதிப்பாம், மண்ணாங்கட்டி!

இரண்டாயிரம் புத்தகம் கேட்டிருந்த, அண்ணன் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மாதிரிக்கு நாலைந்து போயின. சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும் என்றாரே, மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தீட்டி முடித்த கொடியை அட்லஸோடு வைத்துப் பார்த்து டீச்சரிடம் நீட்டியது. திருத்தித் தராவிட்டால் ஒரு புத்தகமும் வேண்டாம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

முதலாளி சளைத்த ஆளா? சரியான கொடியைப் போட்டு இரண்டாயிரம் துண்டுச் சீட்டு அடித்து, ஒட்டுவதற்கு பைண்டிங் பெண்களோடு பென்சிலக்காவையும் உட்கார வைத்தார். பசையைத் தொட்டு முதல் சீட்டை எடுத்தவள் படித்ததும் எழுந்துவிட்டாள். அயர்லாந்துக் கொடியைத் தவறாக வரைந்தமைக்கு ஓவியர் வருந்துகிறார் என்று இருந்தது. ஓவியர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் பெயர், இனிஷியலோடு, ஓர் எழுத்துப் பிழையில்லாமல்.

"என் பேரு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது?"

"வருகைப் பதிவேட்டுல இருக்கேம்மா. யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தானே ஆகணும்? வெளியில யாருக்கு உன்னைத் தெரியப்போகுது?"

அடப்பாவி! சீட்டுக் கட்டை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போலிருந்தது. எறிந்துவிட்டு எங்கே போவாள்? அண்ணியின் முகம் கண் முன்னால் வந்தது. உட்கார்ந்து ஒட்டினாள்.

நாலு நாள் கழித்து அண்ணன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் நின்றாள். கையில் அந்தப் புத்தகம்.

"அத்தை, எல்லார் புக்லயும் உங்க பேரு இருக்கு. மிஸ் சத்தமாப் படிச்சாங்க. எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க."

"நீ என்னடி சொன்னே?"

குழந்தை குனிந்து புத்தகத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"அது எங்க அத்தை இல்ல, வேற யாரோன்னு சொல்லிட்டேன்."

"சரி, கை கால் கழுவிட்டு வா" என்றாள் பென்சிலக்கா.