சுவரில்லாத பூங்காவின் காவலாளி

ராஜபாளையத்தின் தென்கோடியில் இருந்த நூற்பாலையில் சுயம்புலிங்கம் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அவருக்குத் தெரியாமல் கேட்டைத் தாண்டி ஒரு ஈ, காக்கா உள்ளே போனதில்லை. ஆலை நொடித்து, பூட்டி, பல வருஷம் முள்மண்டிக் கிடந்த பிறகு நகராட்சி அதைப் பூங்காவாக்க எடுத்துக்கொண்டது. பழைய ஆள் என்று அவரையே காவலுக்குக் கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், சுற்றுச்சுவரைப் பொக்லைன் இடித்துக்கொண்டிருந்தது.

பூங்காவை வடிவமைத்த சிவரஞ்சனியிடம் பதறிப்போய்க் கேட்டார்: “கேட்டு எங்கம்மா வருது?”

“கேட்டே கிடையாதுங்கய்யா. நாலு பக்கமும் தெறந்துதான் கெடக்கும். யாரும் எப்படியும் வரலாம்.”

“பொறவு எனக்கு என்ன வேலை?”

“வர்றவங்களப் பாத்துக்கிடுங்க” என்று சிரித்தாள் அவள்.

அது அவருக்கு ஒரு வேலையாகவே படவில்லை. பூங்கா திறந்ததும், பழைய கேட் இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார். சனங்கள் மற்ற மூன்று பக்கமும் வந்து போனார்கள். கயிற்றில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம். திரும்பினால், மனைவி பாண்டிசெல்வி.

“ஏட்டி, நீ எந்த வழியா வந்த?”

“எந்த வழியா வரக்கூடாதுன்னு சொல்லுங்க, அத விட்டுட்டு வாரேன்.”

கல்யாணமான நாள் முதல் சோற்றுத் தூக்கைக் கேட்டில் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனவள் அவள். உள்ளே எட்டிப் பார்த்ததுகூட இல்லை. இப்போது கூரை எடுத்த மிஷின் கூடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு நடுவே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். சுவர் மறைத்திருந்த மலை முழுசாகத் தெரிந்தது.

“இதுக்குள்ள விடாமத்தான் இம்புட்டு வருசமும் வெறச்சுக்கிட்டு நின்னீகளா?”

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பஞ்சு பறந்த இடம், ஷிப்ட் முடிந்து பெண்கள் முகம் கழுவிய தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டினார். மறுநாள் கயிற்றை அவிழ்த்து, ஊஞ்சல் கட்டப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

அதன்பின் ஒரே இடத்தில் நிற்க மனமில்லாமல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்படித்தான் பீர் மைதீன் கண்ணில் பட்டார். வாட்ச் கடைக்காரர், இளம்பிள்ளைவாதத்தில் கால்கள் சூம்பியவர். தினமும் மூன்று சக்கர சைக்கிளில் தென்பக்கம் வந்து, தெருவில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பக்கம் மேடு, படிக்கட்டுதான் இருந்தது. சுற்றி வரலாமென்றால் பஸ் பறக்கும் மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும்.

சுயம்புலிங்கம் சிவரஞ்சனிக்குப் போன் போட்டார்.

“அம்மா, தெக்க இன்னொரு வழி வேணும்.”

“வழி கேக்கறது நீங்களா?”

“நானேதான். வண்டி ஏறுற மாதிரி சரிவா இருக்கணும். வெரசாப் போடுங்க.”

சரிவுப்பாதை போட்டு முடித்த அன்று பீர் மைதீன் கீழே தயங்கி நின்றார்.

“அண்ணாச்சி, உள்ள வரலாமா?”

“நல்லாக் கேட்டீரு பாய்! பிரேக்க விடும்.”

பின்னாலிருந்து தள்ளியவர் மேட்டில் ஏறியும் கையை எடுக்கவில்லை. தூண்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டினார். “மெதுவாய்யா, மெதுவா!” என்று பாய் கத்தினார். கூடவே ஓடிவந்த பிள்ளைகளின் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.