படகுக்கு நிழல் தைத்த நாள்

என் அக்காவின் கணவர், மச்சானின் படகு, அவர் இல்லாமல் ஒலுவில் துறைமுகத்துக்கு வந்தது. தூரத்துக் கடலுக்குப் போய்த் திரும்பிய வேறொரு படகு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர்க் கலனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. வலை காய்ந்திருந்தது. அவர் உடுத்தும் சாரம் மடித்துப் பலகையில் வைக்கப்பட்டிருந்தது. நான்கு குழாய்களின் மேல் நிழலுக்காகக் கட்டிய நீலத் தார்ப்பாய்ப் படங்கு கிழியாமல் நின்றது. மூன்று மூலைகளில் கயிறு இறுகியிருந்தது. நான்காவது மூலையில் முடிச்சு அவிழ்ந்து, நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. படங்குக்குக் கீழே, ஆளில்லாத பலகையின் மேல், நல்ல நிழல் விழுந்திருந்தது.

காற்று வலுத்தால் படங்கை இறக்க வேண்டும். இறக்குவதற்குப் படகின் விளிம்பில் ஏறி நின்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். மச்சான் நன்றாக நீந்துவார். ஆனால் காற்றுப் பிடித்த படங்கு, எந்த மனிதனும் நீந்துவதைவிட வேகமாகப் படகைக் கொண்டுபோய்விடும்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது; மாப்பிள்ளை அங்கேயே வந்து இருப்பார். ஆகவே படகும் ட்ரெய்லரில் ஏறி, கல்முனைக்குடியில் ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் வீட்டு வளவுக்கே வந்து சேர்ந்தது. ராத்தா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான்காவது குழாயில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சமைக்கும் குசினிக்குள் போய்விட்டார். மச்சானின் தம்பி படங்கை அறுத்து எடுத்துவிட்டான். குழாய்கள் மட்டும் நின்றன.

பள்ளிவாசலில் மச்சானுக்காக, உடல் இல்லாமலே நடத்தும் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. இனி ராத்தா இத்தா இருக்க வேண்டும் என்று பெண்கள் வந்து சொன்னார்கள். மாதக்கணக்கில் வீட்டுக்குள், வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது.

“இப்ப ஏலா, கொஞ்சம் போகட்டும்” என்றார் ராத்தா.

மையத்தை, இறந்த உடலை, கண்ணால் காணாத மனைவி காத்திருக்கிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தக் குழாய்களின் நிழல் வளவைக் கடந்து குசினிப் படியில் வந்து ஏறும். ராத்தா அதை மிதிக்காமல் எட்டி வைப்பார். பொழுதுபடும் மஃரிப் நேரத்தில் படகுக்குள் யாரோ இருமியதாகப் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். “அந்தப் புள்ள இன்னும் பாத்துக்கிட்டு இரிக்கி. அதான் அவரும் போகாம இரிக்காரு” என்றார். நான் சிரிக்க முயன்றேன். ஆனால் அன்றிலிருந்து படகின் பக்கமாக நான் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

மச்சானின் தம்பிக்கு வேறு படகு கிடையாது. ஒருநாள் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“மதினி, போட்ட நான் கடலுக்குக் கொண்டு போகட்டா?”

“மேலுக்கு ஹூட் போட்டுக் கொண்டு போ தம்பி. கடைக்கு நானும் வாறன்.”

முச்சக்கர வண்டிகளுக்கு ஹூட் தைக்கும் கடை பெரிய வீதியில் இருந்தது. ட்ரெய்லரை உழவு இயந்திரத்தில் கொழுவி இழுத்துப் போனோம். ஒடுங்கிய ஒழுங்கைக்குக் குறுக்கே தொங்கிய வயர்களில் குழாய்கள் மாட்டின. நான் தடியால் ஒவ்வொரு வயராகத் தூக்கிவிட்டேன். அபாயா அணிந்த ராத்தா பின்னால் நடந்து வந்தார். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. “என்ன காக்கா, மெயின் ரோட்டுல சுறா புடிக்கப் போறீங்களோ?” என்று யாரோ எனக்கு அண்ணன் முறை வைத்துக் கத்தினார்கள்.

கடைக்காரர் படகைச் சுற்றிப் பார்த்தார். “ஃபைபர் தகடு ஒண்ட இறுக்கி அடிச்சி விடுறன். உங்கட ஆயுசுக்கும் நிக்கும்.”

“நிக்கப்படா” என்றார் ராத்தா.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. “அப்ப படங்குதான். நல்ல தடிச்ச மொத்தப் படங்கு வந்திரிக்கி. பின்னால ஒரு படமும் கீறித் தாறன், ஆட்டோக்குக் கீறுற மாதிரி.”

“ஓம், மதினிக்கு மயில் கீறுங்க” என்றான் தம்பி. ராத்தா சிரிக்கவில்லை. பக்கத்துச் சீமெந்துக் கட்டின்மேல் கால் வைத்து, எல்லோரும் பார்க்கப் படகுக்குள் ஏறினார். இஞ்சினுக்கு முன்னாலிருந்த பலகையில் உட்கார்ந்தார். அது மச்சான் உட்காரும் இடம்.

“நான் இதால எழும்பமாட்டன். இதுல இருந்துக்கிட்டே ஒரு கையால இறக்க ஏலணும். மத்தக் கை இஞ்சின்ல இரிக்கும். அப்பிடி ஒண்டு செய்து தாங்க.”

ஓர் ஆள் நிற்காமல் இறக்கக்கூடிய கூரை. அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் ட்ரெய்லரின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. அந்த நான்காவது மூலையை, மச்சான் எழும்பி நின்று விழுந்த இடத்தை, என்னைவிட முன்னதாகவே படித்துவிட்டார். இத்தாவில் அமர்ந்தால் இந்த வீதிக்கு வர முடியாது, இந்த ஆண்களோடு கதைக்க முடியாது. அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று அவருக்கு இருந்தது.

கடைக்காரர் பழைய குழாய்களை அறுத்தார். வளைந்த கம்பிகள் இரண்டை முன்பக்கமாக மடங்கும்படி பொருத்தி, அவற்றின்மேல் படங்குச் சீலையைத் தைத்தார். பின்னால் பலகைக்கு இரண்டு பட்டிகளை இழுத்து, பள்ளிப் பைகளில் இருப்பதுபோன்ற கிளிப்புகளில் மாட்டினார். ராத்தா உட்கார்ந்தபடி ஒரு கையால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அமுக்கினார். ஹூட் முன்னால் விழுந்தது. அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு திரும்ப அமுக்கினார். கிளிப் வழுக்கியது.

“ஈரக் கையில ஏலாது. மாத்துங்க.”

“ராத்தா, கடலுக்கு நீங்களா போறீங்க?” என்றார் கடைக்காரர்.

“மாத்துங்க மனே.”

அவர் மாற்றினார். ராத்தா மறுபடி கையை நனைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் விடிகாலை ஸுபஹுக்குப் பிறகு படகு வளவை விட்டுப் போனது. ராத்தா கேற்றைச் சாத்தினார். மத்தியானம் லுஹருக்கு நான் போனபோது வெள்ளை உடுத்திருந்தார். அறை வாசலில் திரை தொங்கியது. வளவில் ட்ரெய்லரின் சில்லுகள் பதிந்த இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. அன்று பின்னேரம் குசினிப் படியில் எந்த நிழலும் ஏறவில்லை. இருந்தும் ராத்தா காலை எட்டித்தான் வைத்தார்.

சில வாரங்கள் கழித்து மச்சானின் தம்பி கேற்றுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டான். “காக்கா, மதினிக்குச் சொல்லுங்க. நேத்து நடுக்கடல்ல காத்து அடிச்சிச்சி. இருந்தபடியே இறக்கிட்டன்.”

உள்ளே போய்ச் சொன்னேன். ராத்தா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினார்.

“பயந்தானாமா?”

“அத அவன் சொல்லல்ல.”

“கேட்டுட்டு வா” என்றார். “அந்த நேரத்துல என்ன நினைச்சானாம், கேட்டுட்டு வா.”

அவர் கேட்பது மச்சானின் கடைசி நேரத்தை என்று கேற்றுக்குப் போகும்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் போய்விட்டிருந்தான். திரும்பி உள்ளே போய் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.