மூவாயிரம் வருடத்துக் கால்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவரை எல்லோரும் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். நான் பக்கத்து மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்க அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சில சமயம் மூச்சு நின்றுவிடும்.

ஐம்பதைத் தாண்டியவர். வீட்டில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். அக்காவுக்குக் குழந்தையாக இருக்கும்போது வந்த ஒரு காய்ச்சல், இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. கக்கத்தில் கட்டை வைத்து நடப்பார். உட்கார்ந்த இடத்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பார். படி ஏற, குளிக்க, வெளியே போக தங்கை வேண்டும். வாய்க்கு மட்டும் யார் துணையும் வேண்டாம்.

"என்னோட தலையெழுத்துங்க, வேற யாருக்கு இப்படி வாய்க்கும்?" என்று படக்காரம்மா என்னிடம் சலித்துக்கொண்டது உண்டு. அடுத்த நிமிடமே அக்காவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கிக்கொண்டு போவார்.

வரலாறு என்றால் அவருக்கு எட்டிக்காய். பள்ளிக்கூடத்தில் ராஜாக்களின் வருடங்களை மாற்றி மாற்றி எழுதி வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை. "செத்துப்போனவங்க பஞ்சாயத்து நமக்கு எதுக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு விடுமுறை நாளில் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஆராய்ச்சியாளர். ஆற்றங்கரையில் தோண்டும்போது ஒரு பழைய மனித எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது, உள்ளே எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கவேண்டும், அதற்கான கருவி அவர்களிடம் இல்லை. எங்கள் மேலதிகாரி சரி என்று சொல்லிவிட்டார். "லீவு நாள்ல எலும்புக்கூட்டுக்கு டூட்டியா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் படக்காரம்மா கதவைத் திறந்தார்.

பஞ்சு வைத்த பெட்டிகளிலிருந்து எலும்புகளை எடுத்து மேசையில் அடுக்கினார்கள். படக்காரம்மா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். பழக்க தோஷம், வாய் தானாகவே, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது.

"அவங்க பிடிச்சு மூவாயிரம் வருஷம் ஆகுது மேடம்" என்றார் இளைஞர்.

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தியவர், திரையில் படம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இரண்டு தொடையெலும்புகள். வலது கெட்டியாக, நீளமாக இருந்தது. இடது ஒரு குழந்தையுடையதுபோல மெலிந்து குட்டையாக இருந்தது. அந்தப் படத்தை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அது அவருடைய அக்காவின் கால்.

"தம்பி, இது ஆணா பொண்ணா?"

"பொண்ணுதான் மேடம்."

"என்ன வயசு?"

"மூட்டுத் தேய்மானத்தைப் பாத்தா அம்பது வயசாவது இருக்கும். கால் சின்ன வயசுலயே போயிருக்கணும்னு நாங்க நினைக்கிறோம். இந்தப் படமும் அதைத்தான் சொல்லுது."

படக்காரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆற்றங்கரை. வெள்ளம் வந்தால் ஊரே ஓடவேண்டும். கடையும் இல்லை, வண்டியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. நடக்க முடியாத ஒரு சின்னப் பெண் அங்கே ஐம்பது வயது வரை இருந்திருக்கிறாள்.

"அப்போ யாரோ தூக்கிட்டு ஓடியிருக்காங்க" என்றார். "அவ்ளோ பாசமா பாத்துக்கிட்டிருக்காங்க, இல்ல?"

இளைஞர் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. "யாரோ உதவியிருக்கணும், அதுவரைக்கும் சொல்லலாம். பாசமா, கடமையான்னு எலும்பு சொல்லாது மேடம். அந்தக் காலத்துல எல்லாருமே இப்படி இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது. விட்டுட்டுப் போனவங்களும் இருந்திருப்பாங்க. நமக்குப் பிடிச்ச கதையை அவங்க மேல ஏத்திடக் கூடாது, அதுக்காகத்தான் இவ்ளோ பாடுபட்டுப் படிக்கிறோம்."

இது படக்காரம்மாவுக்குச் சட்டென்று பிடித்துப்போனது. படத்தில் இருப்பதைத்தான் சொல்லவேண்டும், இல்லாததைச் சொன்னால் ஒரு நோயாளியின் உயிருக்கே ஆபத்து. முப்பது வருடமாக அவர் செய்கிற வேலையும் அதுதானே! வரலாறு என்பது இப்படி ஒரு வேலை என்று பள்ளிக்கூடத்தில் யாருமே சொல்லவில்லையே என்று மறுநாள் என்னிடம் ஆற்றாமைப்பட்டார்.

அக்காவிடம் சொன்னதும் அவர் ஒற்றைக்காலில் நின்றார், என்னைக் கூட்டிப்போய்க் காட்டு என்று. இளைஞரிடம் கேட்டு ஒரு நாள் போனோம். அருங்காட்சியகத்து வாசற்படிகளில் அக்காவை ஒரு பக்கம் தங்கையும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு ஏறினோம். "மெதுவா, என்னையும் கண்ணாடிப் பெட்டியில வெச்சிடாதீங்க" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த அக்கா, அந்த எலும்புகளின் முன்னால் கட்டையை ஊன்றி நின்றார்.

வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. தலையிலிருந்து கால்வரை ஒரு பெண். மண்ணின் பழுப்பு நிறம் எலும்பில் ஊறியிருந்தது. இளைஞர் தணிந்த குரலில் காட்டிக்கொண்டே வந்தார். வலது தோளெலும்பு தடித்திருக்கிறது, கம்பு ஊன்றி நடந்திருக்கலாம். கீழ் முன்பற்களில் மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. நூலையோ நாரையோ பல்லில் பிடித்து இழுத்து வேலை செய்பவர்களுக்கு அப்படித் தேயும்.

பொத்தான் தைக்கிற அக்கா நாக்கால் தன் முன்பல்லைத் தடவிப் பார்த்தார். பார்த்தவுடன் கண்கள் நிறைந்துவிட்டன.

"சும்மா உக்காந்து சாப்பிடலடி இவ" என்றார் தங்கையிடம். "வேலை செஞ்சிருக்கா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் பேர் தெரியாது, பேசிய பேச்சு தெரியாது. ஆனால் அவள் பட்ட பாடு அங்கே எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

அக்கா மேசைப் பக்கம் குனிந்தார். "இவளுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பாளோ? திட்டிக்கிட்டேதான் தூக்கியிருப்பா."

"படத்துல இல்லாததைச் சொல்லாதக்கா" என்றார் படக்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த வருடமே அவர் தபால் வழியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். மருத்துவமனையே கேலி செய்தது. முதல் தடவை ஒரு பாடத்தில் கோட்டை விட்டார், வருடங்கள் இன்னும் அவருக்கு மண்டையில் ஏறவில்லை. மறுமுறை எழுதித் தேறினார். மாலையில் அவர் சத்தமாகப் படிக்க, அக்கா பொத்தான் தைத்தபடி குறுக்குக் கேள்வி கேட்பாராம். "இதை யாரு எழுதி வெச்சா? அவனுக்கு எப்படித் தெரியும்?" புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விகளுக்கு அந்த இளைஞரைத் தொலைபேசியில் பிடிப்பார்கள்.

தலையெழுத்து என்ற பேச்சை அவர் வாயில் நான் பிறகு கேட்கவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன், படித்து என்ன கிடைத்தது என்று.

"நான் மட்டும்தான் இந்தச் சுமையைத் தூக்குறேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "எனக்கு முன்னாடி எவ்ளோ பேர் தூக்கியிருக்காங்க! அதை நினைச்சா இன்னும் பிரமிப்பா இருக்குங்க. கை வலி என்னமோ குறையல" என்று சிரித்துவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார்.